விரலுக்குத் தெரிந்த சேதம்

பிரபு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக் களைப்பில் அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாய். அதைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். நாளை மறுநாள் சென்னைக்குப் போகிறாய். சரக்குக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. உடைந்தது, தொலைந்தது, தாமதமாய் வந்தது என்று ஜனங்கள் போடுகிற கிளெய்ம்களைப் பார்த்து உண்டு, இல்லை என்று எழுதுகிற வேலை. உன் அம்மா வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய் ஒரு லாரி ஆபீசில் இத்தனை வருஷம் பார்த்ததும் அதே வேலைதான். நான் குடோன் மூலையில் மின்விசிறி சுற்றாத இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன், நீ ஏசி அறையில் பார்க்கப் போகிறாய். பெருமையாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

சாப்பிடும்போது நீ ஒன்று சொன்னாய். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்களாம், வருகிற கிளெய்மில் பாதி பொய், பொய் என்று நினைத்துக்கொண்டேதான் ஃபைலைத் திறக்க வேண்டும் என்று. சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாய். நான் ரசத்தை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். வாயால் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அந்தக் குணம் உன் அப்பா வழி. காகிதம் என்றால் முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். நம் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்தை எழுத எனக்கு வராது, ஆகவே தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் மனசுக்குள் திருத்திக்கொள், என்னிடம் கொண்டுவந்து காட்டாதே.

முதலில் உன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொய்க் கிளெய்ம் உண்டு. ஒரு பாத்திரக் கடைக்காரர், லாரியில் நசுங்கிவிட்டது என்று பெரிய பித்தளை அண்டா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். திருப்பிப் பார்த்தால் அடியில் அடுப்புக்கரி அப்பியிருக்கிறது. "லாரியில வரும்போதே பொங்கல் வச்சீங்களாண்ணே?" என்று கேட்டேன். அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகாத குறையாகப் போனார். இன்னொருவர் தாமதக் கிளெய்ம் போட்டார், தினசரிக் காலண்டர் கட்டு புதுவருஷம் பிறந்து வெகுநாள் கழித்துப் போய்ச் சேர்ந்ததென்று. மேனேஜர் சிரித்தார். அந்த மனிதர் ஒரு காலண்டரை மேசைமேல் போட்டு, "கழிஞ்சுபோன தேதிய யாருக்கு சார் விக்கிறது?" என்று கேட்டார். அது உண்மைக் கிளெய்ம். கோபமாகப் பேசினதால் அவரைப் பொய்யர் என்று மேனேஜர் நினைத்தார். நான் பார்த்தவரை பொய் சொல்ல வருகிறவர்கள் ரொம்ப மரியாதையாகத்தான் பேசுவார்கள், நாற்காலியைக்கூடச் சத்தமில்லாமல் இழுப்பார்கள். இதை நீ குறித்துக்கொள்ளலாம்.

சந்தேகம் எனக்கும் கூடப்பிறந்ததுதான். உன் அப்பா, 'இவள் கறிவேப்பிலைக் கொத்தைக்கூட எண்ணித்தான் வாங்குவாள்' என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த அன்று குடோன் கதவைத் திறந்து காட்டினார்களே, அப்போது வாயைத் திறந்துகொண்டு நின்றவளும் இதே அம்மாதான். உத்தரம்வரை சாக்கும் பெட்டியும். யாரோ முகம் தெரியாத ஒருவன் எங்கோ ஓர் ஊரில் தன் சரக்கை இன்னொரு முகம் தெரியாதவனிடம் கொடுக்கிறான். கையில் அவனுக்கு மிஞ்சுவது ஒரு துண்டு ரசீது. அதை நம்பி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறான். இந்த ஊரில் யாருக்கோ கல்யாணம், அதற்கான பாத்திரம் அங்கே நிற்கிறது. யாருக்கோ பிரசவம், அதற்கான மருந்து அங்கே நிற்கிறது. இவ்வளவும் பெரும்பாலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு அன்றைக்கும் மயிர்க்கூச்செறிந்தது, இன்றைக்கும் அப்படித்தான். நம் மேசைக்கு வருவது போய்ச் சேராதவை மட்டும்தான். அதையே தினமும் பார்ப்பதால் உலகமே உடைந்த பெட்டி என்று தோன்றிவிடும், ஜாக்கிரதை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ பத்தாவது படித்த வருஷம். பொங்கல் கழிந்து, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் கூட்டமெல்லாம் வடிந்து, பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு முற்பகலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். பெயர் இப்ராகிம். அலங்காநல்லூர் போகிற வழியில் இருக்கிற பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருக்கும் பார்வை கிடையாது. துணிப்பையிலிருந்து தலையணை தடிமனுக்கு ஒரு புத்தகத்தை எடுத்து என் மேசையைத் தடவிப் பார்த்து வைத்தார்.

"மேடம், டேமேஜ் கிளெய்ம் போடணும்."

"என்ன டேமேஜ் சார்? நனைஞ்சிருச்சா, கிழிஞ்சிருச்சா?"

"நனையல, கிழியல. அமுங்கிருச்சு."

திறந்து பார்த்தேன். மை இல்லை, எழுத்து இல்லை. தடித்த காகிதம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மேடு. பார்வையற்றவர்கள் விரலால் தடவி வாசிக்கிற பிரெய்ல் புத்தகத்தை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஒரு கிழிசல் கிடையாது, ஒரு கறை கிடையாது.

"புள்ளியெல்லாம் இருக்கே சார்."

"உங்களுக்கு இருக்கு மேடம். எனக்கு இல்ல."

பிறகு விளக்கினார். பத்தாவது சமூக அறிவியல் புத்தகம். உனக்கு ஒரே புத்தகமாக இருந்தது அவர்களுக்குப் பல தொகுதிகளாக வரும், புள்ளி இடத்தை அடைக்கும் இல்லையா. பம்பாயில் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் அச்சகத்தில் தாமதமாகி, வருஷம் பாதிக்கு மேல் போன பிறகுதான் அடித்து நம் லாரியில் அனுப்பியிருக்கிறார்கள். வந்த கட்டு வெளியே தடவிப் பார்க்க மணியாக இருந்ததால் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் பிரித்து வாசித்தால் பக்கத்துக்குப் பக்கம் இடையிடையே வார்த்தைகள் செத்துக் கிடக்கின்றன. மேலே ஏதோ பாரம் அமுக்கிப் புள்ளிகள் படுத்துவிட்டன.

"பணமெல்லாம் வேண்டாம் மேடம். வழியில கெட்டதுன்னு உங்க கம்பெனி எழுதித் தந்தாப் போதும், அச்சகத்துல உடனே திரும்ப அடிச்சுத் தந்துருவாங்க. இல்லைன்னா அடுத்த வருச ஆர்டரோடதான். எங்க பிள்ளைக இந்த வருசம் பரீட்சை எழுதுது."

நீ எழுதப்போகிற அதே பரீட்சை. ஆனாலும் என் சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? விரல் பட்டுப் பட்டுப் பிரெய்ல் புள்ளி தேயும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். பழைய புத்தகம் தேய்ந்துபோயிருக்கும், புதிது வாங்க இப்படி ஒரு வழி பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். மேனேஜர் சுந்தரம் யோசிக்கவே இல்லை, நேராகவே கேட்டுவிட்டார்.

"சார், கட்டு நல்லா இருந்துச்சுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சரி, மேல தச்ச சாக்கு, அட்டைப்பெட்டி, அதாவது இருக்கா?"

"பெட்டியச் சமையல்காரம்மா அடுப்புக்கு வச்சுருச்சு. சாக்கு அடுப்படியில கால்மிதியாக் கெடக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். மோசமான மனிதர் இல்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர். "அடுத்த தடவை நல்லாப் பிரிச்சுப் பாத்து வாங்குங்க சார்" என்றார்.

"அடுத்த தடவை வேற பிள்ளைக சார்" என்றார் இப்ராகிம் சார். குரலை உயர்த்தவில்லை. பிறகு அவராகவே ஒரு யோசனை சொன்னார். "எல்லாத் தொகுதியையும் நாளைக்குக் கொண்டாரேன். எந்தப் பக்கத்த வேணும்னாலும் நீங்க தெறங்க, நான் வாசிக்கிறேன். அச்சுப் புத்தகத்த வச்சு நீங்க சரிபாருங்க. நான் சொல்றது பொய்யின்னு பட்டா, ஆட்டோவுல ஏத்திட்டுப் போயிர்றேன்."

அச்சுப் புத்தகத்துக்கு எங்கே போவது என்று மேனேஜர் யோசித்தார். என் மகனுடையது இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் உன் புத்தகத்தை நான் பையில் வைத்தபோது நீ போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? ரிவிஷன் டெஸ்ட் இருக்கிறது, நான் ஃபெயிலானால் நீதான் காரணம் என்று வாசல்வரை கத்திக்கொண்டு வந்தாய். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன். இப்போது தெரிந்துகொள், எதற்கென்று.

குடோன் தரையைப் பெருக்கி ஒரு தார்ப்பாயை விரித்து அதன்மேல் தொகுதிகளை அடுக்கினோம். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். லோடுமேன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அவர்களில் மூத்தவர் மாயாண்டி. மேனேஜர் கைபோன போக்கில் ஒரு தொகுதியை எடுத்து நடுவில் திறந்து கொடுத்தார். இப்ராகிம் சார் இரண்டு கையையும் பக்கத்தின்மேல் வைத்தார். பருவக்காற்றைப் பற்றின பாடம். வாசிக்கத் தொடங்கினார் பார், நான் உன் புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவர் பாதிப் பத்தி போய்விட்டார். சர்க்கரைக்குப் போகிற எறும்பு மாதிரி அந்த விரல்கள் நிற்காமல் ஊர்ந்தன. இடது கை அடுத்த வரியைத் தேடி வைத்துக்கொள்கிறது, வலது கை வாசிக்கிறது. ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். திடீரென்று குரல் நின்றது. மூன்று வார்த்தை தள்ளி மறுபடி தொடங்கியது. அடுத்த வரியிலும் ஒரு பள்ளம், ஆனால் கொஞ்சம் இடது பக்கமாக. அதற்கடுத்த வரியில் இன்னும் கொஞ்சம் இடதாக.

மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, "படிக்க முடியலன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாமே சார்" என்றார்.

இப்ராகிம் சார் விரலை அதே பள்ளத்துக்குத் திரும்பக் கொண்டுபோனார். அவர் முகம் மாறிவிட்டிருந்தது. பள்ளம் வரிக்கு வரி நகர்வதை அவரும் அப்போதுதான் கவனிக்கிறார் போல. பக்கத்தைப் புரட்டினார், அதே இடத்தில் தடவினார். இன்னும் பல பக்கம் புரட்டினார். "ஒரே எடத்துலதான் இருக்கு. கீழ போகப் போக லேசாகுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தத் தொகுதியைத் தரையில் வைத்துவிட்டு வேறொன்றைத் திறந்தார், பிறகு இன்னொன்று. தடவிப் பார்ப்பதும் தலையைச் சாய்த்து யோசிப்பதுமாக இருந்தார். கடைசியில் நான்கு தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து, மேலட்டையைப் பின்னால் மடித்துவிட்டு, இரண்டு மேலும் இரண்டு கீழுமாக ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினார். "பெட்டிக்குள்ள இப்படித்தான் நாலு நாலா அடுக்கியிருந்தாங்க" என்றவர் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, சணல் இருக்கா?" என்று கேட்டார். அன்று காலைவரை நான் அவருக்கு மேடம்.

சாக்குத் தைக்கிற சணலில் ஒரு நீளம் அறுத்துக் கொடுத்தேன். ஒரு கையால் செத்த புள்ளிகளைத் தடவிக்கொண்டே மறுகையால் அதன்மேல் சணலைப் பதித்துக்கொண்டு வந்தார். முதல் புத்தகத்தில் சணல் பிறைபோல வளைந்தது. அடுத்த புத்தகத்துக்குள் இறங்கியது. அங்கேயும் வளைந்து மூன்றாவதுக்குப் போயிற்று. நான்காவது புத்தகத்தைக் கடந்து சணல் தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தது. நான்கு புத்தகத்தின் மேலும் ஒரு முழு வட்டம் கிடந்தது. நாங்கள் அத்தனை பேரும் கண்ணை வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்த காகிதம் அது. எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த மனிதர் அதிலிருந்து ஒரு வட்டத்தை எடுத்து வைத்துவிட்டார்.

"உள்ள புள்ளி நல்லா இருக்கு, வெளிய நல்லா இருக்கு. விளிம்பு மட்டும்தான் அமுக்கியிருக்கு. ரெண்டு கையையும் விரிச்சாத்தான் எட்டுது. அடிப்பக்கம் இரும்பு விளிம்பு உள்ள ஏதோ ஒண்ணு மேல நின்னிருக்கு" என்றார்.

மாயாண்டி குடோன் மூலைக்குப் போனார். கடகடவென்று சிமெண்டுத் தரையில் ஒரு காலி எண்ணெய்ப் பேரல் உருண்டு வந்தது. இன்னொருவரைக் கைபிடிக்கச் சொல்லி அதைத் தூக்கினார். சத்தத்தை வைத்தே புரிந்துகொண்ட இப்ராகிம் சார், "மேல வச்சிராதீங்கப்பா" என்று பதறினார். "வைக்கல சார்" என்று மாயாண்டி பேரலைப் புத்தகத்துக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தபடி நின்றார். அதன் விளிம்பும் கீழே கிடந்த சணலும் ஒன்றுக்கொன்று அளவெடுத்த மாதிரி இருந்தன.

"நான்தான் சார் இறக்குனேன்" என்றார் மேனேஜரிடம். "பம்பாய்ச் சரக்க மாத்தி ஏத்திட்டு வந்த பெங்களூர் வண்டியில முழுப் பேரல் நின்னுச்சு. அதுக்கு அடியிலதான் இந்தக் கட்டு கெடந்துச்சு. புத்தகம்னா அடியிலதானே சார் போடுவோம்? இம்புட்டு நாளும் அப்படித்தானே?"

அது உண்மை. இதை உனக்குப் பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். லாரியில் சரக்கு ஏற்றுவதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கண்ணாடி மேலே, துணி நடுவிலே, புத்தகம் அடியிலே. புத்தகம் உடையாது, ஒழுகாது; கட்டாகக் கட்டினால் மேடை மாதிரி நிற்கும், எதை வேண்டுமானாலும் மேலே நிறுத்தலாம். எந்த ஊர் லோடுமேனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். சாக்கின்மேல் 'புத்தகம்' என்று அச்சகத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துத்தான் அதைத் தேடிப் பிடித்து அடியில் போட்டிருக்கிறார்கள். ஒன்றுமே எழுதாமல் அனுப்பியிருந்தால்கூடத் தப்பியிருக்குமோ என்னவோ. யாருமே கவனக்குறைவாக இல்லை, பிரபு. எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்து அந்தப் புத்தகங்களைக் கெடுத்திருக்கிறோம்.

மாயாண்டி குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தட்டுப்படலையே சார். மூட்டை தூக்கிக் காய்ச்சுப்போன கை" என்றார். இப்ராகிம் சார் அவருடைய சுண்டுவிரலைப் பிடித்து, அதுதான் கொஞ்சம் மெத்தென்று இருக்கும் என்று சொல்லி, அதன் நுனியை ஒரு புள்ளியின்மேல் வைத்தார். "இது உயிரோட இருக்கு." சணலோரம் நகர்த்தினார். "இது இல்ல." மாயாண்டி தலையை ஆட்டினார். பிறகு நானும் கண்ணை மூடிக்கொண்டு அதே இடத்தில் விரலை வைத்தேன். முதலில் வெறும் சொரசொரப்பு. மெதுவாக, கடுகைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று விரலைத் தொட்டது. நகர்த்தினால் அது இல்லை. ஒரு பிள்ளை இந்தக் கடுகைப் பிடித்துக்கொண்டுதான் கங்கையையும் இமயமலையையும் தெரிந்துகொள்கிறதா என்று நினைத்து, விரலை எடுக்க மனசில்லாமல் வைத்திருந்தேன். உலகம் இவ்வளவு சின்ன வாசல் வழியாகவும் ஒருவனுக்குள் போகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து அந்தச் சணலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எழுதும்மா. நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார். வெளிச்சேதம் இல்லை, பாரம் அமுக்கியதால் உட்புறம் முழுவதும் பயன்படாது, வழியில் நேர்ந்தது என்று எழுதினேன். அன்றைக்கே பம்பாய்க்கு அனுப்பினோம். புதுக் கட்டின்மேல் பாரம் ஏற்றக் கூடாது என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டவும் சொன்னோம். அப்படி எழுதி ஒட்டாத பெட்டியே உலகத்தில் கிடையாது, அதைப் படிக்கிற லோடுமேனும் கிடையாது. எனக்கு அது தெரியும், மேனேஜருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் பெங்களூர் லாரி புறப்படும்போது மாயாண்டி டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, கையால் வட்டம் போட்டுக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். இவர்களுக்குப் பேச்சுக்கா பஞ்சம் என்று நான் என் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மாசி பிறந்தும் கட்டு வரவில்லை. இப்ராகிம் சார் பூத்திலிருந்து போன் பண்ணுவார். இன்னும் வரலை சார் என்பேன். "பரவாயில்ல தங்கச்சி, விசாரிச்சேன்" என்று வைத்துவிடுவார். வீட்டில் நீ அதே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கி வழிவாய். நான் பென்சிலால் கோடு போட்ட பக்கம் விசிறிக் காற்றில் படபடக்கும். உன்னை எழுப்பி இரண்டு போடலாமா என்றிருக்கும். காரணம் தெரியாமல் அந்த நாட்களில் நிறையத் திட்டு வாங்கினாய்.

கடைசியில் ஒரு காலையில் பம்பாய்ச் சரக்கு ஏறின பெங்களூர் லாரி வந்து நின்றது. லோடுமேன்கள் தார்ப்பாயை அவிழ்த்து ஏறினார்கள். மேலே இருந்த கண்ணாடிப் பெட்டி இறங்கியது, துணி இறங்கியது, இரும்புச் சாமான் இறங்கியது. மாயாண்டி அடித்தட்டுவரை இறங்கிப் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கையை விரித்தார். கட்டு இல்லை. தொலைந்தால் அதற்கும் ஒரு கிளெய்ம் போடலாம்; ஆனால் பரீட்சை நெருங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு முறை அடிக்க நேரமில்லை.

டிரைவர் சேலத்துப் பக்கத்து ஆள், சின்ன வயது. கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர் நாங்கள் தவிப்பதைப் பார்த்து, "எதத் தேடறீங்க?" என்றார். சொன்னோம். "அது அங்க எப்படி இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கேபின் கதவைத் திறந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவர்கள் படுத்து எழும்புகிற பலகை இருக்கும் பார், அதன்மேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் அந்தக் கட்டு இருந்தது. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை.

"பம்பாய் வண்டிக்காரன் பெங்களூர்ல கையில குடுத்தான்க்கா. அவனும் கேபின்லதான் வச்சு ஓட்டியாந்தானாம். கண்ணு தெரியாத பசங்க வெரலால படிக்கிற புக்கு, மேல ஒரு துண்டுகூடப் போடாதேன்னு சொன்னான். அவன் இந்திக்காரன், பாதி கையிலயே காட்டினான்."

"அவருக்கு யாரு சொன்னது?"

"தெரியலக்கா. ரோட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

"நீங்க எங்க படுத்தீங்க?"

"எங்க படுக்கறது? கிளீனர் பையன் உக்காந்துக்கிட்டே தூங்கினான்" என்று சிரித்தார்.

மாயாண்டியைப் பார்த்தேன். அவர் வேறு எங்கோ பார்த்தார். ஒரு காகிதம் கிடையாது, ஒரு போன் கிடையாது. இந்தக் குடோன் வாசலில் ஒரு மனிதர் ஒரு டிரைவரிடம் சொன்னது, ஊர் ஊராக, பாஷை பாஷையாக, ஒருவரை ஒருவர் மறுபடி பார்ப்போமா என்று தெரியாதவர்கள் வாய் வழியாகப் பம்பாய்வரை போய், அங்கே ஒரு கட்டைத் தூக்கிப் படுக்கையில் வைக்கச் செய்து, திரும்பி வந்திருக்கிறது. அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பிள்ளைகளைத் தெரியாது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்ராகிம் சாருக்குச் சொல்லி அனுப்பினோம். லாரி அப்போதே போயிருக்க வேண்டும், திரும்புகிற சரக்கு ஏறிவிட்டது. டிரைவர் போகவில்லை. வேப்பமரத்தடியில் நின்று கேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேனேஜர் இரண்டு தரம் கடிகாரத்தைக் காட்டினார், பிறகு விட்டுவிட்டார். சார் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும் கட்டைப் பிரித்தோம். ஒவ்வொரு தொகுதியாக எடுத்துத் திறந்து, மேலிருந்து கீழாகக் கையை ஓட்டினார். கடைசித் தொகுதியையும் அப்படியே தடவிப் பார்த்து மூடினார்.

"உயிரோட இருக்குங்களா சார்?" என்று கேட்டார் டிரைவர். அன்று இப்ராகிம் சார் மாயாண்டியிடம் சொன்ன வார்த்தை அது. அதுவும் கூடவே பயணம் போய் வந்திருக்கிறது.

"எல்லாம் இருக்கு தம்பி" என்றார் சார். அவர் கை டிரைவரைத் தேடிற்று. டிரைவர் கிட்டே வந்து கையைக் கொடுத்தார்.

"அப்பச் சரிங்க சார், கெளம்பறேன். பெங்களூர்ல கேப்பாங்க, போய்ச் சொல்லோணும். அங்கிருந்து பம்பாய் வண்டிக்காரன் போய்ச் சொல்லுவான்." சொல்லிவிட்டு ஏறி வண்டியை எடுத்தார். கிளீனர் பையன் போர்வையை உதறி இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தப் பலகையில் சாய்ந்ததைப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளைகள் எல்லோரும் அந்த வருஷமே பரீட்சை எழுதினார்கள். சமூக அறிவியலில் ஒரு பெண் உன்னைவிட அதிகமாக வாங்கினாள். நீ மார்க்கைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததால் அப்போது சொல்லவில்லை.

லாரி போன அன்று நான் வீட்டுக்கு வந்தபோது நீ படித்துக்கொண்டிருந்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் தலையில் கையை வைத்தேன். காய்ச்சல் பார்க்கிறாயா, எனக்கு ஒன்றும் இல்லை என்று கையைத் தட்டிவிட்டாய். இந்த ரோட்டில் எத்தனை பேர் உட்கார்ந்துகொண்டே தூங்கி எதையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் தெரியுமா, உன்னையும் அப்படித்தான் யாரெல்லாமோ கொண்டுவந்து என் கையில் சேர்த்திருக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது, எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குச் சொல்லிவிட்டேன். குறட்டை நின்றுவிட்டது, எழுந்துவிட்டாய் போல. காப்பி போடுகிறேன், வா.

அம்மா